‘டிரா’ என்னும் ஒரு சொல்: வங்கித் தாள்களில் இழுப்பவர் யார்?

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் வினைச்சொற்களுள் ‘டிரா’ என்பதும் ஒன்று. பள்ளிப் பிள்ளைக்கு அது படம் வரைதல். கிரிக்கெட் ரசிகருக்கு அது வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டம். பரிசுச் சீட்டு வாங்கியவருக்கு அது குலுக்கல். ஊதியம் பெறுபவருக்கு அது மாதச் சம்பளம் வாங்குதல். வங்கி வாடிக்கையாளருக்கோ அது பணத்தைப் பற்றிய சொல். காசோலை, வரைவோலை, ஏ.டி.எம். திரை, கடன் ஒப்பந்தம், திரும்பி வந்த காசோலையோடு இணைத்துத் தரப்படும் குறிப்பு ஆகிய எதை எடுத்தாலும், இச்சொல்லோ இதன் கிளைச்சொற்களோ அதில் இருக்கும்.

தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர் பலர் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி, வங்கிப் படிவங்களில் ஆங்கிலத்தை எதிர்கொள்பவர்கள். ஒரு சொல்லின் பொருள் சற்றே பிறழ்ந்தாலும் கையொப்பம் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். எனவே இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, வங்கி நடைமுறையில் அது எங்கெங்கே என்னென்ன பொருள் தருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேர்ப்பொருள்: இழுத்தல்

‘டிரா’ என்பதன் அடிப்படைப் பொருள் இழுத்தல். பற்றி இழுத்தலைக் குறிக்கும் ‘டிராக்’ என்ற ஆங்கிலச் சொல் இதற்கு நெருங்கிய உறவு. தாளின் மீது எழுதுகோலை இழுத்தால் கோடு. ஆகவே வரைதலும் டிரா. கிணற்றிலிருந்து வாளியை மேலே இழுத்தால் நீர். ஆகவே இறைத்தலும் டிரா. மேசையில் நாம் இழுத்துத் திறக்கும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘டிராயர்’ என்று பெயர். தமிழில் அதை ‘இழுப்பறை’ என்கிறோம். இங்கே இரு மொழிகளும் ஒரே எண்ணத்தில் நிற்கின்றன.

மற்ற இடங்களில் தமிழ் இவ்வளவு சிக்கனமானது அன்று. படத்தை வரைகிறோம், நீரை இறைக்கிறோம், வண்டியை இழுக்கிறோம், பணத்தை எடுக்கிறோம், சம்பளத்தை வாங்குகிறோம். ஆங்கிலத்தின் ஒரு சொல் நம்மிடம் ஐந்து சொற்களாகப் பிரிந்துவிடுகிறது. மும்பைவாசிகளுக்கு இதைப் புரிந்துகொள்ள மராத்தி துணைசெய்யும். மராத்தியில் ‘பைஸே காடணே’ என்றால் பணம் எடுத்தல். ‘சித்ர காடணே’ என்றால் படம் வரைதல். ஆங்கிலத்தைப் போலவே அங்கும் ஒரே வினை இரண்டையும் சுமக்கிறது.

வங்கியில் ‘டிரா’ என்ற சொல்லைக் காணும்போது ‘இழுத்தல்’ என்ற வேர்ப்பொருளை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். இழுத்தல் என்றால் இழுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். எங்கிருந்து இழுக்கிறார் என்பது இருக்க வேண்டும். யாருக்காக இழுக்கிறார் என்பதும் இருக்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் அந்தத் தாளின் பொருள் தெரிந்துவிடும்.

காசோலையில் மூவர்

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலையில் மூன்று தரப்பினரைக் காண்கிறது. காசோலையை எழுதிக் கையொப்பமிடுபவர் ‘டிராயர்’. பணம் தருமாறு பணிக்கப்படும் வங்கி ‘டிராயீ’. பணத்தைப் பெறவேண்டியவர் ‘பேயீ’. ஆங்கிலத்தில் சொல்லின் இறுதியில் வரும் ‘அர்’ என்ற ஒலி செய்பவரையும், ‘ஈ’ என்ற ஒலி அச்செயலுக்கு உட்படுபவரையும் குறிக்கும். எனவே டிராயர் என்பவர் இழுப்பவர். டிராயீ என்பது யாரிடமிருந்து இழுக்கப்படுகிறதோ அந்த வங்கி.

பலரும் தடுமாறுவது இங்கேதான். காசோலையைக் கொண்டுவந்து வங்கியில் பணம் ‘எடுப்பவர்’தாம் டிராயர் என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. செம்பூரில் குடியிருக்கும் ஒருவர் வீட்டு உரிமையாளருக்கு 25,000 ரூபாய்க்குக் காசோலை தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்குச் செல்பவர் வீட்டு உரிமையாளராக இருந்தாலும், டிராயர் குடியிருப்பவரே. அவருடைய கையொப்பமே வங்கியிலிருந்து பணத்தை இழுக்கிறது. வீட்டு உரிமையாளர் அதைப் பெறுபவர் மட்டுமே.

காசோலை திரும்பி வரும்போது உடன் வரும் குறிப்பில் ‘ரெஃபர் டு டிராயர்’ என்று சில சமயம் எழுதியிருக்கும். ‘இதை எழுதியவரிடம் கேட்டுக்கொள்க’ என்பது அதன் பொருள். கொண்டுவந்தவரிடம் குறை ஏதும் இருப்பதாக அது கூறவில்லை. ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’ என்றிருந்தால், காசோலை எழுதியவரின் கையொப்பம் வங்கியில் உள்ள மாதிரியோடு பொருந்தவில்லை என்று பொருள். ‘எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மென்ட்’ என்றிருந்தால், எழுதியவருக்கு வங்கி அனுமதித்துள்ள வரம்பை அத்தொகை மீறுகிறது என்று பொருள்.

டிராயர் யார் என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மேற்குறித்த சட்டத்தின் 138ஆம் பிரிவு அவர்மீதுதான் பாய்கிறது. 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இப்பிரிவின்படி, சட்டப்படி செலுத்தவேண்டிய கடனுக்காகத் தரப்பட்ட காசோலை பணம் போதாமையால் திரும்பினால், அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கையொப்பம் பொருந்தாமல் திரும்பும் காசோலைக்கும் இப்பிரிவு பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்துள்ளது.

பணம் பெறவேண்டியவரும் காலக்கெடுவை நினைவில் கொள்ள வேண்டும். காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்கு மட்டுமே செல்லும். 2012 ஏப்ரலுக்கு முன் இது ஆறு மாதங்களாக இருந்தது. காசோலை திரும்பிய செய்தியை வங்கியிடமிருந்து அறிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் டிராயருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்தபின் பணம் செலுத்த அவருக்கு 15 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள்ளும் அவர் செலுத்தாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும்.

எழுதாத காசோலையும் எழுதிய காசோலைதான்

சிறு வணிகர்களிடையேயும் தொழிலாளர் குடும்பங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. தனியாரிடம் கைமாற்று வாங்கும்போது, தொகையும் தேதியும் எழுதாமல் கையொப்பம் மட்டும் இட்ட காசோலை ஒன்றை ஈடாகக் கொடுத்துவிடுவார்கள். ‘நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லையே, எனவே நான் எதையும் டிரா செய்யவில்லை’ என்பது அவர்கள் எண்ணம்.

சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. தாமாக முன்வந்து கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்தவர், மற்ற விவரங்களைப் பிறர் நிரப்பியிருந்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது; அது கடனுக்காகத் தரப்பட்டதன்று என்று மெய்ப்பிக்கும் சுமை அவரையே சாரும் என உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவுபடுத்தியது. காசோலையில் இழுக்கும் விசை கையொப்பத்தில் இருக்கிறது. தொகையை எழுதும் பேனா யார் கையில் இருந்தது என்பது இரண்டாம் நிலையே. கிணற்றுக் கயிற்றைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, எத்தனை வாளி இறைப்பார் என்று கேட்பதில் பயனில்லை.

ஆகவே வெற்றுக் காசோலை தருவதைத் தவிர்ப்பதே நலம். ஏற்கனவே தந்திருந்தால், கடன் தீர்ந்த அன்றே அதைத் திரும்பப் பெறவேண்டும். செலுத்திய தொகைக்கெல்லாம் எழுத்து மூலம் ஒப்புகை வாங்கி வைக்கவேண்டும். காசோலை எழுதும்போது பெறுபவர் பெயரையும் தொகையையும் முழுமையாக எழுதி, எஞ்சிய இடத்தில் கோடிட்டு அடைத்துவிட வேண்டும். எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகைகள் முரண்பட்டால், சட்டப்படி எழுத்தால் எழுதியதே செல்லும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு 2021 ஜனவரி முதல் ‘பாசிட்டிவ் பே’ என்னும் முன்னறிவிப்பு வசதி உள்ளது. காசோலை எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை டிராயர் முன்னதாகவே தம் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால், திருத்தப்பட்ட காசோலை எளிதில் பிடிபடும்.

வரைவோலையும் உண்டியலும்

‘டிராஃப்ட்’ என்ற சொல்லும் ‘டிரா’விலிருந்தே பிறந்தது. அதைத் தமிழில் ‘வரைவோலை’ என்று ஆக்கியவர்கள் அந்த உறவை அழகாகக் காத்துள்ளனர். ஆனால் வரைவோலையில் இழுப்பவர் நாம் அல்லர். நாம் முதலில் பணத்தைச் செலுத்திவிடுகிறோம். அதன்பின் வங்கியின் ஒரு கிளை, தன் மற்றொரு கிளையிலிருந்து பணம் தருமாறு எழுதுகிறது. இங்கு டிராயரும் வங்கியே, டிராயீயும் வங்கியே. எனவேதான் பணம் போதவில்லை என்று வரைவோலை திரும்புவதில்லை. கல்வி நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் காசோலையை மறுத்து வரைவோலையைக் கேட்பதன் காரணம் இதுவே.

வரைவோலையை வாங்குபவரின் பெயரும் 2018 செப்டம்பர் 15 முதல் அதன் முகப்பில் அச்சிடப்படுகிறது. அதற்கு முன், பணம் யாருக்குச் செல்கிறது என்பது தெரிந்தது. யாரிடமிருந்து வந்தது என்பது தாளில் தெரியாது.

நம் முன்னோர்க்கும் இவ்வேற்பாடு புதிதன்று. இன்று கோயில்களில் காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும் ‘உண்டியல்’ என்ற சொல், வணிக வழக்கில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரில் பணம் தருமாறு எழுதும் சீட்டையும் குறித்தது. வட இந்தியர் அதனை ‘ஹுண்டி’ என்றனர். கண்டவுடன் பணம் தரவேண்டிய ஹுண்டி ‘தர்சனி’ எனப்பட்டது. குறித்த காலம் கழித்துத் தரவேண்டியது ‘முத்தத்தி’ எனப்பட்டது. மும்பையின் வணிகம் நெடுங்காலம் இத்தகைய சீட்டுகளின் மீது நடந்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டமே, இந்திய மொழிகளில் எழுதப்படும் இச்சீட்டுகளுக்கு உள்ளூர் வழக்கம் பொருந்துமாயின் அதைப் பாதிக்காமல் விட்டுவைத்தது.

கிணற்றில் உள்ளதும் இறைக்கக் கூடியதும்

கடன் கணக்கு வைத்திருப்போர் இரண்டு சொற்களை நன்கு பிரித்தறிய வேண்டும். ஒன்று ‘லிமிட்’, அதாவது வங்கி அனுமதித்த உச்ச வரம்பு. மற்றொன்று ‘டிராயிங் பவர்’, அதாவது இன்றைய நிலையில் எவ்வளவு எடுக்கலாம் என்னும் தகுதி. இரண்டும் எப்போதும் சமமாக இருப்பதில்லை.

தாராவியில் தோல் பைகள் செய்து விற்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சரக்கை ஈடாகக் கொண்டு அவருக்கு 3,00,000 ரூபாய் வரம்பில் ரொக்கக் கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது. இம்மாதம் அவரிடம் உள்ள சரக்கின் மதிப்பு 4,00,000 ரூபாய். அதில் 1,00,000 ரூபாய் மதிப்புள்ள தோலுக்கு அவர் இன்னும் பணம் தரவில்லை. எனவே அவர் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு 3,00,000 ரூபாய். அவர் தம் பங்காக 25 விழுக்காடு இட வேண்டும் என்பது நிபந்தனையானால், 75,000 ரூபாய் கழிந்து, டிராயிங் பவர் 2,25,000 ரூபாயாக நிற்கும். வரம்பு 3,00,000 இருக்கிறதே என்று எண்ணி அவர் 2,60,000 ரூபாய்க்குக் காசோலை எழுதினால், அது திரும்ப வாய்ப்புண்டு. மாதந்தோறும் சரக்கு விவர அறிக்கையை உரிய காலத்தில் வங்கிக்குத் தருவது இதனாலேயே இன்றியமையாதது.

‘ஓவர்டிராஃப்ட்’ என்பது கணக்கில் உள்ளதற்கு மேல் இழுத்தல். தமிழில் இதை மிகைப்பற்று என்கிறோம். அது வங்கி தரும் கடன், வட்டிக்கு உட்பட்டது, முன் அனுமதி வேண்டுவது. பிரதமரின் ஜன் தன் திட்டக் கணக்குகளில் தகுதியுடையோருக்கு 10,000 ரூபாய் வரை இவ்வசதி உண்டு. இது அரசு தரும் உதவித்தொகை என்று எண்ணி எடுத்துவிட்டுத் திருப்பிச் செலுத்தாதவர்கள், பின்னர் உண்மையான கடன் தேவைப்படும்போது இடர்ப்பட நேரும்.

வணிகர் கவனிக்கவேண்டிய மற்றொரு சொல் ‘டிராயிங்ஸ்’. கணக்குப்பதிவியல் நூல்கள் இதனை ‘எடுப்புகள்’ என்று வழங்குகின்றன. மாதுங்காவில் மளிகைக் கடை நடத்துபவர் கல்லாவிலிருந்து பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் எடுத்தாலும், ஒரு மூட்டை அரிசியை வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும், அது எடுப்பு. அதைக் கடைச் செலவாக எழுதினால் இலாபம் குறைந்து காட்டும். எழுதாமலே விட்டால் சரக்குக் கணக்கு ஒத்துப்போகாது. கடன் கேட்டு வரும்போது வங்கி அந்தக் கணக்கைத்தான் பார்க்கும்.

‘வித்டிரா’: எதைத் திரும்ப இழுப்பது?

‘வித்டிரா’ என்பது பின்னோக்கி இழுத்தல், திரும்பப் பெறுதல். நாம் வைத்த பணத்தை நாமே திரும்பப் பெறுவதால் பணம் எடுப்பதற்கு இப்பெயர் அமைந்தது. வங்கி முகப்பில் நிரப்பித் தரும் ‘வித்டிராயல் சிலிப்’ கணக்குடையவர் தாமே பணம் பெறுவதற்கான படிவம். அது காசோலை ஆகாது. பிறருக்குச் செலுத்த அதைக் கொடுத்தனுப்பக் கூடாது.

இச்சொல்லை எப்பொருளோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். 2016 நவம்பர் 8 அன்று, பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்களின் சட்டப்படி செல்லும் தன்மையே திரும்பப் பெறப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் அவை செல்லத்தக்க பணமாக இருக்கவில்லை. 2023 மே 19 அன்று 2,000 ரூபாய்த் தாள்களைப் பற்றி ரிசர்வ் வங்கி அறிவித்ததோ வேறு. அவை புழக்கத்திலிருந்து மட்டுமே திரும்பப் பெறப்பட்டன. சட்டப்படி செல்லும் தன்மையை அவை இழக்கவில்லை. இரண்டு அறிவிப்புகளிலும் வினை ஒன்றே. ஆனால் திரும்பப் பெறப்பட்ட பொருள் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல், 2,000 ரூபாய்த் தாள் செல்லாது என்று நம்பி இடைத்தரகரிடம் குறைந்த விலைக்குக் கொடுப்பது வீண் இழப்பு.

பிறர் இழுக்க நாம் தரும் இசைவு

இதுவரை கண்டவற்றில் இழுத்தவர் நாமாகவோ வங்கியாகவோ இருந்தோம். இன்றைய மின்னணு முறையில், நம் கணக்கிலிருந்து பிறர் இழுக்க நாமே இசைவு தருவதும் உண்டு. வீட்டுக் கடன் தவணை, காப்பீட்டுக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் முதலியவற்றுக்கு நாம் தரும் ‘மேண்டேட்’ அத்தகையது. குறித்த நாளில் நிறுவனம் இழுக்கும். நாம் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு காசோலைக்கு ஒப்பான தண்டனையை வகுத்துள்ளது. ‘நான் காசோலை எதுவும் எழுதவில்லையே’ என்பது அங்கு விடையாகாது.

மோசடிகளும் இவ்விடத்தில்தான் நுழைகின்றன. ‘உங்களுக்குப் பணம் அனுப்பியுள்ளேன், உங்கள் இரகசிய எண்ணை இட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று கூறி ஒருவர் கைப்பேசிக்குக் கோரிக்கை அனுப்பினால், சற்று நின்று எண்ணிப் பாருங்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் நம் கணக்கிலிருந்து வெளியேறுவதற்கு மட்டுமே அது தேவை. எண்ணை இடும் கணத்தில் நாம் டிராயர் ஆகிவிடுகிறோம். அது கையொப்பத்துக்கு நிகர்.

கையொப்பமிடும் முன் மூன்று கேள்விகள்

ஒரு வினைச்சொல் இத்தனை வடிவங்களில் வந்தாலும் அதன் உள்ளீடு மாறுவதில்லை. வங்கித் தாள் ஒன்றில் கையொப்பமிடும் முன்போ, கைப்பேசியில் இரகசிய எண்ணை இடும் முன்போ, மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இழுப்பவர் யார்? எந்தக் கணக்கிலிருந்து இழுக்கிறார்? யாருக்காக இழுக்கிறார்?

சொந்தக் காசோலையானால் இழுப்பவர் நாம். பணம் இருக்கிறதா என்று பார்த்தபின் எழுத வேண்டும். வரைவோலையானால் இழுப்பது வங்கி. பெறுபவர் பெயர் சரியா என்று பார்த்தால் போதும். மேண்டேட் ஆனால் இழுப்பவர் வேறொருவர். எவ்வளவு, எத்தனை முறை, எந்நாள் வரை என்பதைப் படித்தறிய வேண்டும். தேவை தீர்ந்ததும் அந்த இசைவை வித்டிரா செய்துவிட வேண்டும். மூன்று கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு விடை தெளிவாக இல்லையெனில், தாளை மடித்து வைத்துவிட்டு உங்கள் கிளை அலுவலரிடம் கேளுங்கள். தமிழிலோ, இந்தியிலோ, மராத்தியிலோ எந்த மொழியில் கேட்டாலும், விளக்கம் பெற்ற பின்னரே கையொப்பமிடுவது வாடிக்கையாளரின் உரிமை.